சவுண்ட் செக்

கேட்டால் மட்டும் அழுத்துங்கள் என்றுதான் அந்தப் பெண் சொன்னாள். அந்த 'மட்டும்' கோதண்டபாணிக்கு உறுத்தியது. கேட்காமல் எவன் அழுத்தப்போகிறான், நான் என்ன பரீட்சையில் காப்பி அடிக்க வந்தவனா, நாற்பத்து நாலு வருஷம் மேடையில் கிடார் வாசித்தவனிடம் ஒரு சின்னப் பெண் இப்படி ஒரு 'மட்டும்' போட்டுப் பேசலாமா என்று அவன் முனகிக்கொண்டிருக்கும்போதே அவள் வெளியிலிருந்து கதவைத் தள்ளி மூடிவிட்டாள். (அறுபத்து நாலு வயதுக்காரரை அவன் இவன் என்பது மரியாதையில்லைதான். ஆனால் அவன் தன்னைப் பற்றி நினைத்துக்கொள்ளும்போது அப்படித்தான் நினைத்துக்கொள்கிறான், நாம் எதற்கு நடுவில்.) கதவு ஐஸ் பெட்டிக் கதவு மாதிரி ஒரு சாண் தடிமன், சுற்றி ரப்பர் விளிம்பு. உள்ளே சுவர் முழுக்க மேடும் பள்ளமுமாகக் கறுப்பு ஸ்பாஞ்ச், ஒரு ஸ்டூல், எதிரே இரட்டைக் கண்ணாடி போட்ட சின்ன ஜன்னல். தலையில் ஹெட்போன், சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு. கையில் ஒயரோடு ஒரு பட்டன். அழுத்திப் பார்த்தான். ஜன்னலுக்கு அப்பால் அவளுடைய மெஷினில் ஒரு பச்சை விளக்கு எரிந்து அணைந்தது. அவள் நிமிர்ந்து பார்த்து, இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று கையைக் காட்டினாள். சட்டையில் யாஸ்மின் என்று பெயர்ப் பட்டை. அவளுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் சாலமன், மடியில் இரண்டு ஹெல்மெட், முழங்கால் வலிக்காக நீட்டிப் போட்ட கால். சாலமன் டிரம்மர். பிளாக் டிராம் என்று புரசைவாக்கத்தில் ஒரு காலத்தில் சுவரெங்கும் ஒட்டியிருந்த ராக் பேண்டில் இன்றைக்கு மிச்சமிருப்பது இந்த இரண்டு பேர்தான். மருந்துக் கடைக்கு மேலே மாடியில் இப்படி ஒரு காது டெஸ்ட் எடுக்கும் இடம் இருப்பதே கோதண்டபாணிக்கு இன்று காலை வரை தெரியாது, சாலமனுக்குத் தெரிந்திருந்தது, அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றவில்லை. பன்னிரண்டு மணி வெயிலில் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்த சூடு தொடையில் இன்னும் இருந்தது.

டெஸ்ட் எடுக்கச் சொல்லி யாரும் அவனை வற்புறுத்தவில்லை, இதைச் சொல்லியாக வேண்டும். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அவனேதான். புதன்கிழமை ரிகர்சல், சனிக்கிழமை கடற்கரைச் சாலையில் திறந்தவெளி மேடை. பாடகன் ரிஷிகேஷ், முப்பத்தொரு வயது, மென்பொருள் வேலை, அவன்தான் இப்போது பேண்டை ஓட்டுகிறான், லேப்டாப் வைத்திருப்பவன் கையில்தான் எல்லாம் இருக்கிறது. "அங்கிள், கொஞ்சம் ட்யூன் பாத்துக்கிறீங்களா, ஸ்ருதி ஏறி ஷார்ப்பா அடிக்குது" என்றான். அங்கிள். உலகத்தில் எந்த நாட்டிலாவது ராக் கிடாரிஸ்டை அங்கிள் என்று கூப்பிடுவார்களா. "எனக்கு ஷார்ப்பா? உங்கப்பன் டவுசர் போட்டுட்டு அலைஞ்ச காலத்துலேருந்து இந்தக் காதாலதான்டா ட்யூன் பண்றேன். என்ன, காது போச்சுன்றியா?" அப்படி இல்லை அங்கிள், டென்ஷன் ஆகாதீங்க அங்கிள் என்று அவன் இரண்டு அங்கிள் போட்டான், அதில்தான் தலைக்கு ஏறியது. "டெஸ்ட் எடுத்துட்டு வரேன். ரிப்போர்ட்டை உன் மூஞ்சில விசிறி அடிக்கிறேன். அதுல கோளாறுன்னு ஒரு வரி இருந்துச்சுன்னா சனிக்கிழமை நான் மேடை ஏறல. அதுக்கப்புறம் எப்பவுமே ஏறல. போதுமா?" ரிஷி பதறிவிட்டான், வேண்டாம் அங்கிள், எதுக்கு அங்கிள் அதெல்லாம். சாலமன் டிரம்ஸைப் பார்த்துக்கொண்டே, "விட்றா, இந்த வயசுல எதுக்குடா டெஸ்ட்டு" என்றான். ரிப்போர்ட்டுக்குப் பயப்படுகிறார்கள் என்று கோதண்டபாணிக்கு ஒரே குஷி. அந்தக் குஷி இரண்டு நாள் தாங்கியது. ஸ்டூலில் உட்கார்ந்தபோது கொஞ்சம் குறைந்தது, கதவு மூடியபோது இன்னும் கொஞ்சம். சொன்னது சொன்னதுதான், பின்வாங்க முடியாது, ரிப்போர்ட் நன்றாக வர வேண்டும், வந்தால் சனிக்கிழமை 'டெர்மினஸ்' பாட்டின் கடைசி நாலு நிமிஷக் கிடார் சோலோ அவனுடையது, வராவிட்டால் வீடு, சோபா, பி.பி. மாத்திரை, சாகும் வரை.

பூ... பூ... பூ. ஆரம்பித்துவிட்டாள். கனமான சத்தம், அடிவயிற்றில் கேட்கிற மாதிரி. அழுத்தினான், பச்சை. இதெல்லாம் ஒரு டெஸ்ட்டா, செவிட்டுக் கல்லுக்குக்கூடக் கேட்குமே. பூ. பச்சை. சத்தம் சின்னதாகச் சின்னதாக அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பிடித்தான், இன்னும் சின்னது, பிடித்தான். நாலாவது ஐந்தாவது தடவையில்தான் கால் தானாக ஆட ஆரம்பித்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு, அழுத்து. அட. அவள் ஒரே தாளத்தில் போடுகிறாள். வேலை அலுப்பு, சாப்பாட்டு நேரம் நெருங்குகிறது, ஒரு நாளைக்கு எத்தனை காதுக்குப் பூ பூ என்று போடுவாள் பாவம், கை ஒரு தாளத்தில் விழுந்துவிட்டது, அது அவளுக்கே தெரியாது. கோதண்டபாணிக்குத் தெரியும். பிசிறில்லாத தாளம் எங்கே இருந்தாலும் அவன் உடம்பு போய் ஒட்டிக்கொள்ளும், ரயில் தண்டவாளம், தையல் மெஷின், ஆஸ்பத்திரியில் அப்பா போகும்போது பக்கத்துக் கட்டிலில் அடித்துக்கொண்டிருந்த மானிட்டர்கூட, அழ வேண்டிய நேரத்தில் கால் தட்டிக்கொண்டு நின்றவன் அவன், அக்கா முறைத்தது ஞாபகம் இருக்கிறது. கோடி என்று பேர் வைத்த டெரிக் இதைத்தான் முதலில் கண்டுபிடித்தான். எண்பத்தொன்றில் வேப்பேரியில் ஒரு சர்ச் ஹால், டெரிக் பாஸ் கிடார், ரயில்வேயில் வேலை, அவனைவிடப் பதினைந்து வயது மூத்தவன், கோதண்டபாணி என்ற பேரை வாய்க்குள் நாலு தரம் உருட்டிப் பார்த்துவிட்டு, "என்னா மேன் இது பேரா, கூட்ஸ் வண்டியா? நீ கோடி மேன்" என்றான். "கோடி, நீ ஸ்வரம் தப்பு பண்ணுவே, டைம் மட்டும் தப்பு பண்ண மாட்டே. அது காட் குடுத்தது மேன்." ஒண்ணு, ரெண்டு, மூணு, அழுத்து. பச்சை. நாற்பத்து நாலு வருஷம் கழித்து ஒரு பெட்டிக்குள் டெரிக் சொன்னது பலித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது.

சத்தம் மேலே ஏறியது. விசில் மாதிரி, அப்புறம் கொசு மாதிரி, அப்புறம் கொசு தூரத்தில் போன மாதிரி. ஒண்ணு, ரெண்டு, மூணு... வந்ததா? வந்தது. வந்திருக்க வேண்டும். அழுத்தினான். பச்சை. அடுத்தது, ஒண்ணு, ரெண்டு, மூணு, இந்த முறை உண்மையிலேயே ஒன்றும் வரவில்லை, ஆனால் அவளுடைய தோள் ஒரு நூல் அசைந்தது. அழுத்தினான். இதில் என்ன தப்பு. இசைக்குறிப்பில் மூன்று ஆவர்த்தம் ஓய்வு எழுதியிருந்தால் வாசிப்பவன் பாட்டு நின்றுவிட்டது என்று எழுந்து போய்விடுவானா, எண்ணிக்கொண்டு நிற்பான், தன் இடம் வந்ததும் நுழைவான், அதுதானே வித்வத். கேட்டால் மட்டும் என்றாளே என்று உள்ளே ஒருவன் முனகினான், அவனை அடக்கினான். கேட்கத்தான் செய்கிறது, கேட்காமல் என்ன, என்னவோ ஒன்று கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. அதுதான் தொல்லையே. இரண்டு காதுக்கும் நடுவில், மண்டைக்குள், பால்காரன் சைக்கிள் பிரேக் பிடித்த மாதிரி ஒரு ஈஈஈ, நாலைந்து வருஷமாக. ஆம்ப்ளிஃபையர் இரைச்சல் என்று முதலில் நினைத்தான், அணைத்த பிறகும் கேட்டது, ஃபிரிட்ஜ் என்று நினைத்தான், கரண்ட் போன அன்றும் கேட்டது, அப்புறம் நினைப்பதை விட்டுவிட்டான். விட்டதோடு மட்டுமா, இந்த உலகத்தில் எவனும் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தான், யாரிடமும் சொல்லவில்லை: அந்த ஈஈஈயை வைத்துக்கொண்டு கிடாரை ட்யூன் பண்ண ஆரம்பித்தான். மாறாத சத்தம், எப்போதும் கூடவே இருக்கிறது, ட்யூனர் மெஷின் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு, எனக்கு ஆண்டவன் உள்ளேயே ஒன்று வைத்திருக்கிறான் என்று பெருமை வேறு. அந்த ஈஈஈ வருஷத்துக்கு வருஷம் இம்மி இம்மியாக மேலே ஏறினால், கிடாரும் கூடவே ஏறுமே என்று இந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்த இந்த நிமிஷத்தில்தான் முதல்முறையாகத் தோன்றியது. ஷார்ப்பா அடிக்குது அங்கிள். ஒண்ணு, ரெண்டு, மூணு, அழுத்து, அதை அப்புறம் நினைத்துக்கொள்ளலாம்.

டெரிக்குக்கும் காதுதான் போனது. வேண்டாம், டெரிக்கை நினைக்க வேண்டாம், ஆனால் வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா அவன், வந்து நிற்கிறான், கட்டம் போட்ட சட்டை, வாயோரம் பீடி. தொண்ணூற்றாறு. ஐம்பது வயதில் டெரிக்குக்கு இடது காது சுத்தமாகவும் வலது காது முக்காலும் போய், பாட்டு ஒரு பக்கம் போனால் பாஸ் ஒரு பக்கம் போகும், கல்லூரிப் பிள்ளைகள் ஊளையிட்டார்கள். நிறுத்து என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, பேண்டை ஆரம்பித்ததே அவன். அப்போது ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தது யார்? சொல்லேன். கோதண்டபாணி. சவுண்ட் போர்டில் உட்கார்ந்திருப்பவனிடம் முன்கூட்டியே பேசி வைத்து, மேடையிலிருந்து அவன் தன் காது மடலைப் பிடித்து லேசாக இழுப்பான், அதுதான் சைகை, உடனே டெரிக்கின் பாஸ் அடியோடு இறங்கிவிடும், கீபோர்டுக்காரன் இடது கையால் பாஸை வாசித்துவிடுவான். டெரிக்கின் ஆம்ப்ளிஃபையரில் ஸ்பீக்கர் ஒயரை முன்பே உருவி வைத்திருப்பார்கள், சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். மேடைப் பலகையில் அதிர்வு வரும், காலில் ஏறும், டெரிக் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டி வாசிப்பான், வியர்த்துக் கொட்டும், ஒரு சத்தமும் வெளியே போகாது. இரண்டு வருஷம். பேண்டுக்குள் அதற்கு ஒரு பேரே வந்துவிட்டது, டெரிக் போடுறது. "இன்னிக்கு டெரிக் போட்டாச்சா?" கோதண்டபாணி டீக்கடையில் அதை நடித்தே காட்டுவான், கால்களை அகட்டி, கண்ணை மூடி, இல்லாத பாஸை நிமிண்டி நிமிண்டி, முகத்தை மட்டும் ஆகாசத்துக்குக் காட்டி. சாலமனுக்கு ஒரு தரம் மூக்கு வழியாக டீ வந்தது. மேடையிலிருந்து இறங்கியதும் டெரிக் துண்டால் முகத்தைத் துடைத்தபடி அவர்களை ஒரு பார்வை பார்ப்பான், ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி, "அடுத்த ஷோ சவுண்ட் செக் எத்தனை மணிக்கு மேன்?" அவ்வளவுதான், வேறு ஒன்றும் கேட்க மாட்டான், எப்படி வாசித்தேன் என்றுகூட. ஒன்றுமே தெரியவில்லை பார் இந்த ஆளுக்கு என்று திரும்பவும் சிரித்தார்கள். பிறகு வெளிநாட்டில், பெர்த் நகரத்தில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டான், கிறிஸ்துமஸுக்குக் கார்டு வந்துகொண்டிருந்தது, ஒரு வருஷம் வரவில்லை. ஒண்ணு, ரெண்டு, மூணு. அழுத்தினான்.

பச்சை எரிந்தது. பச்சை எரிவதைப் பார்த்தால் மனசுக்கு ஒரு தெம்பு. வீட்டில் அவனுடைய ஆம்ப்ளிஃபையரில் சிவப்பு. காலையில் எட்டு மணிக்கு அறைக்குள் போய் உட்கார்ந்தால் சிவப்பு எரிகிறதா என்றுதான் முதலில் பார்ப்பான். முப்பது வருஷம் அவன் மனைவி சுகந்தி அந்தச் சத்தத்துக்காகச் சண்டை போட்டாள், பேங்கிலிருந்து வந்து பையை வைக்கும்போதே, "அதைக் குறைங்க, இல்ல என்னைக் கொன்னுடுங்க." இப்போது ஒரு வருஷமாகச் சண்டையே இல்லை, அவன் வாசிக்கும்போது பக்கத்து அறையில் சாவகாசமாக டிவி பார்க்கிறாள், கடைசியில் என் வாசிப்பு அவளையும் ஜெயித்துவிட்டது என்று சாலமனிடம் பீற்றிக்கொண்டான். விளக்கு எரிந்தால் சத்தம் வருகிறது என்று அர்த்தமா? சீ, என்ன நினைப்பு இது. ஸ்பீக்கர் ஒயரைப் பின்னாலிருந்து உருவிவிட்டாலும் விளக்கு எரியும், அது அவனுக்குத் தெரியாததா, டெரிக்குக்கு அதைத்தானே... நிறுத்து. எண்ணு. ஒண்ணு, ரெண்டு, மூணு. போன மாதக் கடைசியில் ஷோ முடிந்து அறைக்குள் நுழைந்தபோது எல்லோரும் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார்கள். நடுவில் ரிஷி நின்றுகொண்டிருந்தான், கால்களை அகட்டி, கண்ணை மூடி, கையில் கிடார் இல்லாமலே கிடார் வாசிக்கிற மாதிரி, முகம் ஆகாசத்தைப் பார்த்து. பையனுக்கு என் ஸ்டைல் பிடித்துப்போய்விட்டது என்று கோதண்டபாணி அவன் தோளில் தட்டிக் கொடுத்தான். தட்டிக் கொடுத்தான்! தட்டிய கை இப்போது சுட்டது. இல்லை, அன்றைக்கு வாசிப்பு நன்றாகத்தான் இருந்தது, ஜனம் எழுந்து நின்றது, டெர்மினஸின் அந்த நாலு நிமிஷம் எண்பத்தெட்டில் கேசட்டுக்கு எப்படி வாசித்தானோ அச்சு அசல் அப்படி, ஒரு ஸ்வரம் மாறவில்லை, முப்பத்தேழு வருஷமாக அவன் ஒரு ஸ்வரத்தை மாற்றியதில்லை, அதுதான் அவன் கர்வமே. கேசட்டைக்கூட ரிஷி போன வருஷம் கெஞ்சி வாங்கிக்கொண்டு போனான், காப்பி எடுத்துவிட்டுத் தருகிறேன் அங்கிள், இன்னும் திருப்பித் தரவில்லை. அதற்கப்புறம்தான் சாலமன் ஹெட்போன் மாட்டிக்கொண்டு டிரம்ஸ் வாசிக்க ஆரம்பித்தான், லேப்டாப்பிலிருந்து டிக் டிக் என்று தாளம் வருமாம், அதோடு ஒட்டி வாசிக்க வேண்டுமாம். உனக்கெதுக்குடா அது, விமானம் ஓட்டப்போறியா என்று இவன் கேலி பண்ணினான். சாலமன் சிரிக்கவில்லை. சோலோ ஆரம்பிக்கும் முன்னால் சாலமனுக்குக் காதில் அரிப்பு, ஒவ்வொரு ஷோவிலும், மடலைப் பிடித்து இழுத்துக்கொள்வான். ஹெட்போன் சூடு. ஆமாம், ஹெட்போன் சூடாகத்தான் இருக்கும், வேறு என்ன.

எவ்வளவு நேரம் ஆயிற்று, கதவுக்கு வெளியே ஊர் இருக்கிறதா இல்லையா, ஸ்பாஞ்சு சுவர் மூச்சை உறிஞ்சுகிறது, இப்படித்தான் இருக்குமா, முழுசாகப் போய்விட்டால் இப்படித்தான், ஈஈஈ மட்டும் மிச்சம், சுகந்தி வாயை அசைப்பாள், ரிஷி வாயை அசைப்பான், எல்லோரும் மீன் தொட்டிக்குள். இல்லை. ரிப்போர்ட் வரும், நார்மல் என்று வரும், அதை லேமினேட் பண்ணி கிடார் பெட்டிக்குள் ஒட்டி வைப்பான், எல்லாச் சந்தேகமும் அதோடு தீர்ந்தது, நார்மல் காது உள்ளவனுக்கு யாரும் டெரிக் போட முடியாது. அவன் கணக்கு அது. பயத்தில் மனுஷன் போடுகிற கணக்கு அப்படித்தான் இருக்கும். நிமிர்ந்து பார்த்தான். ஜன்னலுக்கு அப்பால் சாலமன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து யாஸ்மின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவள் ஏதோ சொன்னாள், சாலமன் குனிந்து மெஷினைப் பார்த்தான், பிறகு இரண்டு பேரும் இவனைப் பார்த்தார்கள். அவள் கை மடியில் இருந்தது, தோள் அசையவில்லை, மெஷினில் போட்டுவிட்டால் தானாக ஓடும் போல. ஒண்ணு, ரெண்டு, மூணு, அழுத்தினான், பச்சை. சாலமன் வாயைப் பொத்திக்கொண்டான். மலைத்துவிட்டான்! இந்த வயதில் இவ்வளவு சின்ன சத்தத்தைப் பிடிக்கிறானே என்று நம்ப முடியவில்லை அவனுக்கு. கோதண்டபாணிக்கு உடம்பெல்லாம் பழைய சூடு ஏறியது, ஆட்கள் பார்க்கிறார்கள் என்றால் அவனுக்கு அப்படித்தான், முதுகு நிமிரும், முகவாய் தூக்கும். பாருங்கடா. கால்களை அகட்டி உட்கார்ந்தான். பார்வை எதற்கு, விளக்கு எதற்கு, அவள் தோள் எதற்கு, தாளம் உள்ளே ஓடுகிறது, அதை எவனும் உருவ முடியாது. கண்ணை மூடிக்கொண்டான். முகத்தை மேலே தூக்கினான். ஒண்ணு, ரெண்டு, மூணு, அழுத்து. ஒண்ணு, ரெண்டு, மூணு, அழுத்து. ஒரு தப்பில்லை, ஒரு நூல் முன்னே பின்னே இல்லை, சனிக்கிழமை கடற்கரைச் சாலையில் ஆயிரம் பேர் நிற்கிறார்கள், டெர்மினஸ் கடைசி வரிக்கு வந்துவிட்டது, ரிஷி ஒதுங்கி வழி விடுகிறான், வெளிச்சம் இவன் மேல், ஒண்ணு, ரெண்டு, மூணு, யாரோ தோளைத் தொட்டார்கள்.

யாஸ்மின்தான். ஹெட்போனைக் கழற்றினாள். கதவு எப்போது திறந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"முடிஞ்சுதாம்மா? எப்படி, நம்ம காது?"

அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான், அது அவனுக்குப் பழக்கமாகி ரொம்ப நாளாயிற்று.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எதை வெச்சு அழுத்துனீங்க?"

"கேட்டுதான்."

"மேல போகப் போக எல்லாரும் தடுமாறுவாங்க சார். சத்தத்தைக் குறைச்சா விட்ருவாங்க. நீங்க ஒண்ணுகூட விடல. அதான் எனக்கு டவுட் வந்து நிறுத்திட்டேன்." அவள் ஹெட்போன் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டாள். "கடைசி பத்து நிமிஷமா நான் எதுவுமே போடல சார்."

"லைட்டு எரிஞ்சுதே."

"அது நீங்க அழுத்துனா எரியுற லைட்டு சார். அவ்ளோதான்."

அவளுக்கு இரக்கம் இருந்தது, பாவம், அதனால் வேகமாகச் சொல்லி முடித்தாள். அடிச் சத்தம் பரவாயில்லை, மேலே உள்ளது இரண்டு காதிலும் அநேகமாக இல்லை, காதில் மெஷின் வைத்தால் பேச்சு கேட்கும், பாட்டுக்குச் சொல்ல முடியாது, திரும்ப ஒரு தரம் எடுக்கலாம், ஆனால் ரிப்போர்ட்டில் வேறு மாதிரி எழுத வராது. எழுதட்டுமா என்றாள். கோதண்டபாணி ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தான். பட்டன் இன்னும் கையில் இருந்தது.

"எழுதாதீங்கம்மா," என்றான் வாசலில் நின்ற சாலமன். "அது யாருக்கும் வேணாம்."

"நான் சொல்லிட்டேன்லடா. கோளாறுன்னா ஏறமாட்டேன்னு ரிஷிகிட்ட சொல்லிட்டேன்."

"ஏறாம என்னடா. ஜனம் வர்றதே உன்னைப் பாக்கத்தான். வெள்ளை முடியோட நீ அங்க நிக்கணும், அவ்ளோதான்." சாலமன் உள்ளே வந்து அவன் முகத்துக்கு நேராகக் குனிந்தான், வாய் தெரிகிற மாதிரி, நிறுத்தி நிறுத்திப் பேசினான், எவ்வளவு நாளாக இப்படி நிறுத்தி நிறுத்திப் பேசுகிறான் இவன். "சனிக்கிழமை வா. வழக்கம்போல நில்லு."

"வழக்கம்போலன்னா?"

சாலமனின் கை தன்னையறியாமல் காதுக்குப் போனது. மடலைத் தொட்டது. தொட்டபிறகுதான் அவனுக்கே தெரிந்தது, கையைக் கீழே போட்டான், ஆனால் இரண்டு பேரும் பார்த்துவிட்டார்கள்.

"உன் கேசட்தான்டா ஓடுது," என்றான். "போன வருஷத்துலேருந்து. எண்பத்தெட்டு. ரிஷி அதை அப்படியே சுத்தம் பண்ணி லேப்டாப்புல வெச்சிருக்கான். சத்தியமா சொல்றேன் கோடி, அதை மாதிரி எவனும் வாசிக்க முடியாது. நீயே முடியாது."

இதை ஆறுதலாகத்தான் சொன்னான், அதுதான் கொடுமை. அழுகைக்கு முன்னால் கோதண்டபாணிக்கு வந்தது ஆத்திரம், சாலமன் சட்டையைப் பிடித்து, நாற்பத்து நாலு வருஷம்டா என்று கத்த வேண்டும், எழுந்து போய் சனிக்கிழமை நான் வரமாட்டேன், என் பேரைப் போஸ்டரிலிருந்து எடு, என் கேசட்டைக் கொடு என்று சொல்ல வேண்டும், சொல்ல வேண்டியது இவ்வளவுதான், வாயைத் திறந்தால் போதும். வீடு. சோபா. சுகந்தி. சிவப்பு விளக்கு. வாயைத் திறந்தான். துண்டால் முகத்தைத் துடைத்தபடி டெரிக் அவனை ஒரு பார்வை பார்த்தான், அந்தப் பழைய பார்வைதான், பீடியை வாயிலிருந்து எடுத்தான், எல்லாம் தெரியும் மேன் உங்க விளையாட்டு, அப்புறம் என்ன செய்யச் சொல்றே. பெட்டிக்குள் கால் இன்னும் தட்டிக்கொண்டிருந்தது, ஒண்ணு, ரெண்டு, மூணு, கோதண்டபாணி தன் இடம் வந்ததும் நுழைந்தான்.

"சவுண்ட் செக் எத்தனை மணிக்கு?"

சாலமன் ஏதோ ஒரு மணியைச் சொன்னான், சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டான். காதில் விழவில்லை. கோதண்டபாணி சரி என்று தலையாட்டினான்.